மாடுகள் புல் தின்கின்றன: இது வலுவான வாதமா?

எனக்கு வயது இருபத்தொன்பது. போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். முறைப்படி பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ‘தம் வாழ்நாளையே கேள்விகளுக்கு அர்ப்பணித்தவர்’ என்று ஒருவர் மேடையில் பேச, என் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் முதலாளிக்கு ஊழியர்களை வழியனுப்ப ஒரே ஒரு முறைதான் தெரியும். அறுபதில் போனாலும் சரி, இருபத்தொன்பதில் போனாலும் சரி, கடிகாரம் உண்டு.

கோல சிலாங்கூரில் ஒரு டியூஷன் மையத்தின் கேள்வித் தயாரிப்புப் பிரிவில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, நான், எனக்கு மேலே மிஸ் ரெஜினா. இப்போது கேள்விகளைக் கணினியே போட்டுவிடுகிறது. நீங்கள் ஊற்றிய மைலோ ஆறுவதற்குள் நூறு கேள்வி. அவற்றைச் சரிபார்க்க மட்டும் இரண்டு தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். அவர்கள்தான் கேட்டார்கள். “அக்கா, கம்ப்யூட்டர் இல்லாம எப்படிக்கா கேள்வி போட்டீங்க?” அம்மியில் மசாலா எப்படி அரைத்தீர்கள் என்பதுபோலக் கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தயாரித்தது தர்க்கச் சிந்தனைக் கேள்விகள். அதிலும் என் தனிப் பகுதி, வாத ஆய்வு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. மேலே ஒரு கூற்று இருக்கும்: ‘பள்ளியில் சீருடை வேண்டுமா?’ கீழே இரண்டு வாதங்கள், ஒன்று ஆதரித்தும் ஒன்று எதிர்த்தும். எந்த வாதம் வலுவானது என்று பிள்ளை சொல்ல வேண்டும். (அ) முதலாவது மட்டும். (ஆ) இரண்டாவது மட்டும். (இ) இரண்டுமே. (ஈ) இரண்டும் இல்லை. யார் பக்கம் நியாயம் என்பது கேள்வியே அல்ல. உங்களுக்குப் பிடிக்காத வாதம்கூட வலுவாக இருக்கலாம். பிடித்தது பதராக இருக்கலாம்.

பதர் என்பது எங்கள் அறையின் சொல். பார்ப்பதற்கு வாதம்போலவே இருந்து, உள்ளே மணி இல்லாததற்கு அந்தப் பெயர். நல்ல பதர் எழுதுவது கஷ்டம். ‘சீருடை வேண்டாம், ஏனெனில் யானைக்குத் தும்பிக்கை உண்டு’ என்று எழுதினால் எந்தப் பிள்ளையும் ஏமாறாது. ‘சீருடை வேண்டும், ஏனெனில் பக்கத்துப் பள்ளியிலும் இருக்கிறது’ என்பது பதர். பாதிப் பெரியவர்களே அதில் விழுவார்கள்.

மூன்று மாதப் பயிற்சியில் நான் கற்றது இவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டில் வந்த வினை. அம்மா ஒரு நாள், “மேல் வீட்டுப் பிரியா கல்யாணம் பண்ணிக்கிட்டா, நீயும் பண்ணிக்க” என்றார். “அம்மா, இது ஒப்புமை வாதம், பலவீனமானது” என்றேன். “உனக்கு வயசாவுது.” “அது உண்மை, ஆனா கூற்றோட சம்பந்தம் நிரூபிக்கப்படல.” அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். “இப்ப ஆன்சர் என்னான்னு சொல்லட்டுமாடி? அ, ஆ, இ, ஈ எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு போடட்டுமா?” கையில் அகப்பை இருந்தது. அது வலுவான வாதம்.

மிஸ் ரெஜினாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெர்லிங்கில் பிறந்தவர். தகப்பனாருக்கு ரயில்வேயில் வேலை. மிஸ் முப்பது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சாட்சி தமிழில் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வது. அதிலிருந்து ஓய்வு பெற்று ஒரே வாரத்தில் எங்கள் மையத்துக்கு வந்துவிட்டார். காரணம் கேட்டால், “வீட்ல யாரும் சத்தியப் பிரமாணம் எடுத்துட்டுப் பேச மாட்டேங்கறாங்க” என்பார்.

அவர் ஒரு கேள்வியைச் சரிபார்க்கும் முறை இது. கேள்வியை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் வாதத்தைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வார்த்தை. “அதனால?”

“பள்ளியில் சீருடை வேண்டும். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வேறுபாடு தெரியாது.”

“அதனால?”

“அதனால ஏழைப் பிள்ளைங்க கூச்சப்படாது, மிஸ்.”

“அதனால?”

“அதனால ஸ்கூலுக்குப் பயப்படாம வரும்.”

கண்ணைத் திறப்பார். “இது நெல்லு. அடுத்தது.”

இரண்டாவது ‘அதனால’விலேயே எனக்கு வாய் அடைத்துவிட்டால் அது பதர். எனக்குப் பதில் வந்தாலும், அந்தப் பதிலுக்குத் தாளில் ஆதாரம் இல்லையென்றால் விடமாட்டார். “பேப்பர்ல என்னா இருக்கோ அதுதான் உலகம். சாட்சி மனசுல நெனச்சத நான் நீதிபதிகிட்ட சொல்ல முடியுமா? சொன்னத மட்டும்தான் சொல்லலாம்.” முப்பது வருடம் அந்த விதியால் சோறு தின்றவர். அதை அவர் உடைத்த கதைதான் நான் சொல்ல வந்தது.

அது என் இரண்டாவது வருடம். எங்கள் மையம் வருடம் ஒரு தேர்வு வைக்கும். முதலாவதாக வரும் ஒரே ஒரு பிள்ளைக்குக் கோலாலம்பூரில் ஐந்து வருடம் விடுதியோடு இலவசப் படிப்பு. கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து எழுதுவார்கள். அந்தத் தேர்வில் முதல் முறையாக என் கேள்வி இடம்பெற்றது. இருபத்தேழாம் கேள்வி. இதோ:

கூற்று: செம்பனைத் தோட்டங்களில் மாடு மேய்ப்பதைத் தடை செய்ய வேண்டுமா?

வாதம் 1: ஆம். மாடுகள் இளஞ்செடிகளின் குருத்தைத் தின்று நாசமாக்குகின்றன.

வாதம் 2: கூடாது. மாடுகள் புல் தின்கின்றன.

விடை (அ). இரண்டாவது வாதத்தை எழுதிவிட்டு நானே தனியாகச் சிரித்தேன். மாடு புல் தின்னாமல் நாசி லெமாக் சோறா தின்னும்? இவ்வளவு அழகான பதரை யாரும் எழுதியதில்லை என்று நினைத்தேன். மிஸ் கண்ணை மூடி “அதனால?” என்றார். “அதனால ஒண்ணும் இல்ல மிஸ்” என்றேன் பெருமையாக. அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு டவுன் தாமான் வீட்டுப் பெண்ணும் ஒரு ரயில்வே குடியிருப்புப் பெண்ணும் சேர்ந்து மாட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதினோம்.

முடிவு வந்தது. முதல் இடம் கிஷன், டவுன் பையன், நாற்பது மதிப்பெண். முப்பத்தொன்பது எடுத்து இரண்டாவதாக வந்தவள் லோகேஸ்வரி. புக்கிட் பெலிம்பிங்கைத் தாண்டி ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருப்பவள். மூன்றாம் நாள் அவளிடமிருந்து ஆட்சேபக் கடிதம் வந்தது. பயிற்சிப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள்.

‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, 27ஆம் கேள்விக்கு நான் (இ) போட்டேன். என் விடை சரி. எங்கள் வீட்டில் ஏழு மாடுகள் இருக்கின்றன. நன்றி.’

நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன். “மிஸ், இதப் பாருங்க! ‘என் விடை சரி, எங்கள் வீட்டில் ஏழு மாடுகள்.’ இதுவே ஒரு பதர்!”

மிஸ் சிரிக்கவில்லை. “எல்லாப் பேப்பரையும் எடு. தோட்டத்துப் பள்ளி ஒரு பக்கம், டவுன் பள்ளி ஒரு பக்கம்.”

தரையில் உட்கார்ந்து பிரித்தேன். டவுன் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் (அ). தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் (இ).

“பாத்தீங்களா, கேள்வி அவங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கு” என்றேன்.

“தர்ஷினி, தெரியாத பிள்ளைங்க தப்பு பண்ணா ஆளுக்கொரு தப்பா பண்ணும். ஒருத்தரையொருத்தர் பாக்காத பத்துப் பேரு ஒரே பதில சொன்னா, அதுக்கு கோர்ட்டுல தப்புன்னு சொல்ல மாட்டோம். சாட்சின்னு சொல்லுவோம்.” கைப்பையை எடுத்தார். “வண்டிய எடு.”

லயத்து வாசலில் லோகேஸ்வரி கைகட்டி நின்றாள். பன்னிரண்டு வயது. எங்களைப் பார்த்ததும் அவளுக்குப் பயமே வரவில்லை, அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. அவளுடைய அம்மா பார்வதி, தோட்டத்தில் எண்ணெய்க்கான உதிரிப் பழம் பொறுக்குபவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பின்னால் பெரிய செம்பனை மரங்களுக்கு அடியில் அந்த ஏழு சாட்சிகளும் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது. நான் மிஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஒண்ணும் செய்யாது வாம்மா. டவுன் ஆளுங்கன்னா அதுக்குத்தான் பயம்” என்றார் பார்வதி அக்கா.

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். “மாடு புல்லு தின்னுது. சரி. அதனால?”

“அதனால என்னா டீச்சர்? புல்லு மண்டாது.”

“அதனால?”

“மண்டாதுன்னா மருந்து அடிக்க வேணாம்ல. வேல வாங்கற மண்டோரே வந்து, ‘அந்தப் பக்கம் புல்லு ஏறிப்போச்சு, மாட்ட அங்க ஓட்டும்மா’ன்னு சொல்வாரு. குருத்து திங்கும்ங்கறது சின்னச் செடிக்கு. அங்க நாங்க விடறதில்ல. பெரிய மரத்துல அதுக்கு எட்டுமா?”

“மருந்து அடிக்க வேணாம். அதனால?”

பார்வதி அக்கா கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் கேட்கிறார்கள் என்ற யோசனை.

“மருந்து அடிச்சவ நான்தான் டீச்சர். எட்டு வருஷம். பம்ப முதுகுல கட்டிக்கிட்டு காலைலேருந்து நடக்கணும். மூடி லூசா இருந்தா முதுகெல்லாம் ஒழுவும். இவ வயித்துல இருந்தப்பகூடப் போனேன். மாடு உள்ள விட்டதுக்கப்புறம் பம்பு பாதியா கொறஞ்சிச்சு, என்னப் பழம் பொறுக்கற வேலைக்கு மாத்திட்டாங்க.” சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். “அதனால இப்ப நல்லாத்தான் இருக்கேன். தேத்தண்ணி கலக்கட்டுமா?”

மிஸ் மறுபடி ‘அதனால’ கேட்கவில்லை.

நான் விடாமல் லோகேஸ்வரியிடம் திரும்பினேன். என் முதல் கேள்வியாயிற்றே, அவ்வளவு சுலபமாகச் சாக விடுவேனா? “இதெல்லாம் பேப்பர்ல இல்லையே லோகா. ‘மாடுகள் புல் தின்கின்றன’ன்னு மட்டும்தானே இருந்துச்சு?”

“அதான் போட்டுட்டீங்களேக்கா. மாடு புல்லு திங்குதுன்னா திங்குது. அதுக்கு மேல என்ன சொல்லணும்?”

“நீ காரணம் எழுதியிருக்கலாம்ல?”

“வட்டத்தக் கறுப்பாக்கச் சொன்னீங்க. கறுப்பாக்கினேன். எழுதறதுக்கு எங்க இடம் விட்டீங்க?”

பார்வதி அக்கா அவளை அதட்டினார். “பெரியவங்ககிட்ட அப்படியா பேசுவ?” மகள் கைகளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். “சும்மா கேக்கல மா. ஒரு மார்க்குல போவுது.”

திரும்பும் வழியில் மிஸ் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “ஒரு அடிதடி கேஸு” என்றார். “ஏண்டா அவன அடிச்சேன்னு கேட்டா, ‘எம் மக கல்யாணத்துக்கு வந்துட்டு, கை நனைக்காமப் போயிட்டான் ஐயா’ன்னு அழறான். நான் அப்படியே மலாய்ல சொன்னேன். விருந்தினர் சாப்பிடாமல் சென்றுவிட்டார். நீதிபதி நல்ல மனுஷன். ‘அவருக்குப் பசியில்லையோ?’ன்னாரு. கோர்ட்டே சிரிச்சிச்சு. அந்த ஆளு என்னப் பாத்தான். நான் ஒரு வார்த்த கூட்டல, ஒரு வார்த்த கொறைக்கல. சொன்னத சொன்னேன். ஆனா போய்ச் சேரல.”

நான் கியர் மாற்றுவதுபோல் பாவனை செய்தேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி அது.

மறுநாள் மிஸ் தீர்ப்பை எழுதினார். இருபத்தேழாம் கேள்விக்கு (அ), (இ) இரண்டுமே சரி. தாளை மட்டும் பார்த்தவன் (அ) போட்டது நியாயம், தோட்டத்தைப் பார்த்தவள் (இ) போட்டதும் நியாயம், கேள்வியே அநியாயம். கடைசிச் சொல்லின் கீழே அழுத்திக் கோடு போட்டிருந்தார்.

இப்போது லோகேஸ்வரிக்கும் நாற்பது, கிஷனுக்கும் நாற்பது. முதலாளி வந்து நின்றார். “இடம் ஒண்ணுதான் லா, மிஸ். பாதிப் பாதி அனுப்ப முடியுமா?”

“ஒரே ஒரு கேள்வி. ரெண்டு பேரும் எழுதட்டும்” என்றார் மிஸ். “இவ போடுவா.”

“நானா?”

“உனக்குத் தெரிஞ்சதப் பத்தி எழுது. மாடு வேணாம்.”

முதலாளி போனதும் பேனாவை எடுத்தேன். பள்ளிப் பேருந்தைப் பற்றி எழுதினேன். கிஷன் அப்பாவின் காரில் வருகிறவன்; கிழித்தேன். நீச்சல் குளம், லோகேஸ்வரி பார்த்திருப்பாளா? கிழித்தேன். சுங்கை பஞ்சாங் வயல்களில் தண்ணீர் விடுவது. யாருடைய மாமா அங்கே இருக்கிறாரோ! கிழித்தேன். கைபேசி, நாய் வளர்ப்பு, மழைக்காலப் பள்ளி விடுமுறை. எதை எடுத்தாலும் ஒரு பிள்ளைக்கு அது வாழ்க்கை, இன்னொரு பிள்ளைக்கு வெறும் எழுத்து. முன்பெல்லாம் ஒரு மணி நேரத்தில் ஐந்து கேள்வி எழுதியவள், மதியச் சாப்பாடு ஆறும்வரை குப்பைக்கூடையை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பிள்ளைகளுக்கும் சரிசமமாகத் தெரிந்த விஷயம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் செய்த தப்பு.

எழுதி முடித்து மிஸ்ஸிடம் கொண்டுபோய்ப் படித்தேன்.

“கூற்று: தவறான கேள்வி தயாரித்தவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமா? வாதம் ஒன்று: ஆம். தவறான கேள்வியால் தகுதியுள்ள பிள்ளை தன் இடத்தை இழந்துவிடும்.”

“அதனால?”

“அதனால அந்தப் பிள்ளையோட அஞ்சு வருஷம் போயிடும், மிஸ்.”

“நெல்லு. அடுத்தது.”

“வாதம் இரண்டு: கூடாது. அவர் மிகவும் வருத்தப்படுகிறார்.”

மிஸ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “வருத்தப்படறியா?”

“ரொம்ப, மிஸ்.”

“அதனால?”

தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“பதர்தான்” என்றார், சற்று மெதுவாக. “விடை (அ). போய் அச்சடி.”

சனிக்கிழமை காலை. பெரிய அறை, இரண்டே பிள்ளைகள், மேற்பார்வைக்கு நான். யாருடைய தப்பு என்று இருவருக்கும் தெரியும்; டவுன் முழுக்கத் தெரியும். தாளைத் திருப்பிய உடனே கிஷன் நிமிர்ந்து என்னைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தான், ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினான், பென்சிலைக் கீழே வைத்தான். லோகேஸ்வரி தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. சோகமாக வைத்தால் அது குறிப்புக் கொடுத்ததாகிவிடும், சிரித்தாலும் அப்படித்தான். அரை மணி நேரம் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்தேன். அந்த மாதத்தில் எத்தனை செவ்வாய்க்கிழமை என்று இன்றைக்கும் சொல்வேன்.

கிஷன் (இ). லோகேஸ்வரி (அ).

மிஸ் கிஷனைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா ரெண்டும் வலுவுன்னு போட்ட?” என்று கேட்டார். அவன் என்னைக் காட்டி, “அக்கா பாவம்ல, மிஸ்?” என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. அவனுடைய அப்பாவுக்குக் கோபம். “பாவம் பாக்கறதுக்கு உங்ககிட்ட மார்க் இல்லையா?” என்று நேராகவே கேட்டார்.

“இல்ல, சார். இருந்திருந்தா முழுசாக் குடுத்திருப்பேன்.” மிஸ் எழுந்து நின்று சொன்னார். அவர் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

லோகேஸ்வரியின் தாளில் சரி போட வேண்டியவள் நான்தான். என்னை வேலையைவிட்டுத் தூக்குவதற்கான காரணம் வலுவானது என்று நானே சிவப்பு மையில் சான்று கொடுத்தேன். கோடு நேராகத்தான் வந்தது.

வெளியே வந்தபோது அவள் படியில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக் காத்திருந்தார்.

“அக்கா, உங்கள நெசமாவே தூக்கிடுவாங்களா?”

“தெரியலையே. நீதான் தூக்கலாம்னு போட்டுட்ட.”

“நான் எங்க போட்டேன்? மொதக் காரணம் ஸ்ட்ராங்கு, ரெண்டாவது மொக்கைன்னுதான் போட்டேன். தூக்கக் கூடாதுக்கா.” வாரை இழுத்து மாட்டினாள். “தப்புன்னு தெரிஞ்சதும் எங்க வீட்டுக்கே வந்து பாத்தீங்கல்ல. அடுத்த தடவ தெரியாத விஷயம்னா போய்ப் பாத்துட்டுத்தான எழுதுவீங்க? வேற ஆளப் போட்டா அவங்க மறுபடி மொதல்லேருந்து தப்பு பண்ணுவாங்க. அத ஏன் ரெண்டாவது வாதமா வைக்கல?”

நான் ஒரு நிமிடம் அதை மனத்துக்குள் ‘அதனால’ போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் நின்றது.

“அத வச்சிருந்தா நீ என்ன போட்டிருப்ப?”

“(இ)தான். கிஷனும் (இ)தான் போட்டிருப்பான்.” எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “அப்புறம் நீங்க இன்னொரு கேள்வி எழுதணும்.”

“மாடு வேணாம்னுட்டாங்க மிஸ்.”

“மாடு வேணும்னா என்னக் கேளுங்கக்கா” என்றாள், மோட்டாரில் ஏறிக்கொண்டே.